உப்பு போட வந்தவர்

ஓய்வு பெற்று பாகாயத்தில் வீட்டோடு கிடந்த என்னைப் பழைய மேலதிகாரி மறுபடியும் வேலைக்கு இழுத்தார். உளவுப் பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியது போதாதென்று, அந்தப் பிரிவுக்குள்ளேயே இருக்கும் துரோகியைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். "ரிட்டயர்டு ஆளை எவனும் சந்தேகப்பட மாட்டான்யா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

விஷயம் இதுதான். ஆம்பூர் பக்கம் ஒரு தோல் மண்டிக்கு வரும் லாரிகளில், உப்புத் தோலுக்கு அடியில் செம்மரக்கட்டை வந்துகொண்டிருந்தது. அந்த நாற்றத்துக்கு எந்தச் செக்போஸ்ட்டிலும் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கமாட்டார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு, போ போ என்று கையாட்டுவார்கள். இதை எங்களுக்குச் சொன்னவர் அங்கே லோடு இறக்கும் ஒரு பாய். நான் வேலையில் இருந்தபோது தகவல் சொல்வதற்காகப் பிடித்துவைத்த ஆள். அவர் யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும், எந்தக் காகிதத்திலும் அவர் பெயர் கிடையாது. இரண்டு முறை தகவல் கொடுத்தார். இரண்டு முறையும் எங்கள் ஆட்கள் போவதற்குள் லாரி சுத்தமாகியிருந்தது. உள்ளேயிருந்து எவனோ முன்கூட்டியே சொல்லியிருக்கிறான்.

"சார், ஒவ்வொருத்தன் மூஞ்சியா பாத்துனு இருக்காங்க. எனக்கு மூணு பொண்ணுங்க சார். ஒரே பேஜாரா இருக்குது" என்றார் பாய் போனில். அவர் சிக்கினால் உயிரோடு விடமாட்டார்கள்.

ரெய்டு விவரம் முன்பே தெரிந்தவர்கள் இரண்டே அதிகாரிகள். ஒருவர் புதிதாக வந்தவர். இன்னொருவர் என்னோடு பல வருஷம் ஒரே ஜீப்பில் சுற்றியவர், என் பெண் கல்யாணத்தில் பந்தி பார்த்தவர். இருவரிடமும் தனித்தனியாகப் போய், வயதானவன் வாய் தவறி உளறுவதுபோல் உளறினேன். புதியவரிடம், தகவல் கொடுப்பவன் மண்டி வாட்ச்மேன் என்றேன். நண்பரிடம், உப்பு போடுகிறவன் என்றேன்.

இரண்டும் பொய். அந்த மண்டியில் வாட்ச்மேன் கிடையாது, கேமராதான். உப்பு போடும் ஆளும் கிடையாது, வெளியூரிலிருந்து தோல் உப்பு போட்டேதான் வந்து இறங்கும். இல்லாத ஆளை மண்டிக்காரர்கள் தேட ஆரம்பித்தால், யாரைத் தேடுகிறார்கள் என்று பாய் சொல்லிவிடுவார். துரோகி யார் என்று எனக்குத் தெரிந்துவிடும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நான்காம் நாள் பாய் கூப்பிட்டார். "சார், உப்பு போடுற ஆளைப் போட்டு அடிச்சிட்டாங்க."

"அங்க உப்பு போட ஆளே இல்லையேப்பா?"

"இன்னா சார் நீங்க! பக்ரீத் முடிஞ்ச வாரம் சார் இது. ஊர்ல அறுத்த பச்சைத் தோலு மலை மாதிரி வந்து குவியுது. உடனே உப்பு போடலன்னா அழுகிப்போய்டும். இந்த ஒரு வாரத்துக்கு வெளியில இருந்து ஆள் கூப்புடுவாங்களே!"

இந்த ஜில்லாவிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். அந்த பக்ரீத்துக்கும் பக்கத்து வீட்டிலிருந்து வந்த பிரியாணியை மூக்குமுட்டச் சாப்பிட்டிருந்தேன். ஆட்டின் தோல் எங்கே போகும் என்று என் மண்டையில் உறைக்கவில்லை. மண்டிக்காரர்கள் மட்டும் என்ன? வேலைக்கு வந்து மூன்று நாளான மனிதர் போன மாதத் தகவலை எப்படிச் சொல்லியிருப்பார் என்று அந்த மடையர்கள் யோசிக்கவில்லை. போலீஸ்காரரே சொல்லிவிட்டாரே, அது போதும் அவர்களுக்கு.

நண்பர் வீட்டுக்குப் போனேன். அவர் மறுக்கவேயில்லை. அவர் மாப்பிள்ளைக்கு அந்த மண்டி முதலாளியின் ஷூ கம்பெனியில் மேனேஜர் வேலையாம். "அவங்க ஒரு உதவி செஞ்சாங்க, நான் ஒண்ணு செஞ்சேன். டீ சாப்புடுங்கண்ணா" என்றார்.

"ஒருத்தன் ரெண்டு கையையும் ஒடச்சிட்டாங்கடா" என்றேன்.

"ஒடச்சது அவங்க. ஆளைக் காட்டினது நீங்க. நான் நடுவுல போஸ்ட்மேன்தான்ணா."

கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். கை எழவில்லை.

மேலதிகாரி அவரை வேறு ஊருக்கு மாற்றியதோடு சரி. விஷயம் வெளியே போனால் பிரிவின் மானம் போய்விடுமாம். எனக்கு ஒரு சபாஷ் கிடைத்தது. பாய் இப்போது நிம்மதியாக வேலைக்குப் போய் வருகிறார். தேடிய ஆள் சிக்கிவிட்டான் என்று மண்டிக்காரர்கள் நினைத்துவிட்டார்கள் அல்லவா? அந்த நிம்மதியை நினைத்தாலும் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது.

உப்பு போட வந்தவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். திமிரிப் பக்கம் கூலி வேலை செய்பவர், நாற்பது வயதிருக்கும். இரண்டு கையிலும் மாவுக்கட்டு. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நான் போலீஸில் இருந்தவன் என்றதும் அந்த மனிதர் எழுந்து உட்காரப் பார்த்தார். வேண்டாம் என்று தோளைப் பிடித்துப் படுக்கவைத்தேன்.

"அந்த மண்டியில ஒருத்தர் பேரு கூட எனக்குத் தெரியாது சார். எவனோ என்னைக் கை காட்டி வுட்டுட்டான். அவன் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சிக் குடுங்க. அடிக்கல்லாம் மாட்டேன் சார். என் மேல அவனுக்கு இன்னா கோவம்னு கேக்கணும், அவ்ளோதான்."

கண்டுபிடிக்கிறேன் என்றேன். அவர் மனைவி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.