விட்ட இடத்திலிருந்து தொடரலாம்

சிவசக்தி என்ன வேலை பார்க்கிறாள் என்று ஜெயரூபன் ஒருநாளும் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் வேலை என்பதோடு சரி. மாமன் மகன், படித்த வாத்தியார், வைகாசியில் பரிசம் போட்டவர், தையில் தாலி கட்டப் போகிறவர். அவர் கேட்காததைக்கூட அவள் கூச்சம் என்றே எண்ணிக்கொண்டாள், பேதை.

பண்டாரவளையில் ஒரு புடவைக்கடை மாடியில் அவள் முதலாளி ஸஹாப்தீன் நானாவின் அலுவலகம். அவர்கள் பராமரித்த இணையத் தளங்களில் ஒன்று கல்யாணத் தரகுத் தளம். பாதி நிரப்பிய படிவம் மறுநாள் திறந்தால் காணாமல் போகிறது என்று முறைப்பாடு வந்தது. சிவசக்தி அதைப் பார்க்க உட்கார்ந்தாள்.

இந்த வேலையை அவள், தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு ஒருமுறை விளக்கியிருக்கிறாள். கொழுந்து நிறுக்கும்போது முகத்தையா பார்க்கிறார்கள்? தோட்டப் பதிவேட்டில் உள்ள பேர் நம்பரைத்தானே? தளத்துக்கும் முகம் தெரியாது. வருகிறவரின் போனில் ஒரு நம்பரைக் கொடுத்து வைக்கும். அவர் எழுதுவதையெல்லாம் அந்த நம்பரின் கீழ் ஏழு நாள் பத்திரப்படுத்தும். அனுப்பாவிட்டாலும் அது இருக்கும்.

பிழை சின்னதுதான். எழுதியதைத் தளம் வைக்கும்போது ஒரு பெயரில் வைத்து, எடுக்கும்போது வேறு பெயரில் தேடியிருக்கிறது. சோதித்துப் பார்க்க, தேங்கிக் கிடந்த படிவங்களில் முதலாவதைத் திறந்தாள்.

ஜெயரூபன். அவளுக்கு மனப்பாடமான போன் நம்பர். மூன்று நாளைக்கு முன் எழுதியது.

முகவரி: பதுளை நகரம். நமுனுகுல தோட்டத்து லய வீட்டைக் காணோம். தகப்பனார் தொழில்: தோட்ட உத்தியோகத்தர். முதுகில் மருந்து டாங்கியைச் சுமந்து தேயிலைக்கு அடிக்கிற அவள் மாமாவா உத்தியோகத்தர்? நிச்சயம் ஆனவரா: இல்லை. எதிர்பார்ப்பு: தோட்டத்தில் வசிக்காத குடும்பம்.

திரை கலங்கித் தெரிந்தது. எதிர்மேசையிலிருந்து நானா, பிழை பிடிபட்டதா தங்கச்சி என்று கேட்டார். பிடிபட்டது என்றாள். தளம் தவறாகத் தேடிய அந்த ஒரு பெயரைத் திருத்தினாள். வேறெதையும் தொடவில்லை.

மறுநாள் கூறைச்சேலை எடுக்க ஜெயரூபன் பண்டாரவளைக்கு வந்தான். பஸ் நிலையத்துக்கு எதிரேயிருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்தார்கள்.

“மச்சான், என் வேலையை நீங்க பாத்ததே இல்லையே. உங்க போன்ல இதைத் தொறங்க” என்று தளத்தின் பெயரைச் சொன்னாள்.

அவன் முகம் மாறியது. “இங்க கவரேஜ் இல்லையே.”

“எனக்கு நாலு கோடு நிக்குது. தொறங்க.”

திறந்தான். வணக்கம் ஜெயரூபன், நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றது திரை. அதன் கீழே அவன் எழுதிய ஒவ்வொரு வரியும், ஓர் எழுத்துக் குறையாமல்.

அவன் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு தணிந்த குரலில், “சும்மா எழுதிப் பாத்தேன் சக்தி. அனுப்பவே இல்லையே” என்றான்.

“என்னை இல்லைன்னு எழுதினதைக்கூடத் தாங்கிக்குவேன் மச்சான். மாமா அடிக்கிற மருந்துலதான நீங்க படிச்சீங்க. அவரை எப்பிடி இல்லைன்னு எழுத மனசு வந்துச்சு?”

அவன் விரல் ‘அழி’ என்ற பொத்தானுக்குப் போனது. அவள் அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

“வேணாம். நேத்துதான் சரிசெஞ்சேன். தொடருங்க.”

பரிச மோதிரத்தைக் கழற்றித் தேநீர்த் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். நமுனுகுல பஸ் புறப்படத் தயாராக நின்றது. சேலை பார்க்க அம்மா லயத்து வாசலில் காத்திருப்பாள் என்ற நினைப்பு, ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு வந்தது. அப்போதுதான் அழுதாள்.