ராக்காயியின் அரைப்பேர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'பேர்' என்று சொல்வார்கள். பதினாறு இறாத்தல் கொழுந்து பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். அந்தப் பேருக்கும் ஆளின் பெயருக்கும் சம்பந்தமே கிடையாது. ராக்காயியை இருபது வருடமாகக் கங்காணி முதல் துரை வரை "ஏய்" என்றுதான் கூப்பிட்டார்கள். இலங்கையில் டிக்கோயாவுக்குப் பக்கத்திலிருந்த அந்தத் தோட்டத்தின் கிளாக்கரான நானும் அப்படித்தான்.

1959இல் மனித மனதை ஆராய்கிற வெளிநாட்டுத் துரை ஒருவர் வந்தார். மொழிபெயர்க்க என்னைப் போட்டார்கள். அவர் எனக்கு விளக்கினார்: ஆளை அறைக்குள் உட்காரவைத்துச் செய்யும் சோதனை ஒன்று. தானாக நடப்பதை ஒதுங்கி நின்று பார்ப்பது ஒன்று. வேலை செய்கிற இடத்திலேயே, அவர்கள் அறியாமல், ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது இன்னொன்று.

"இது மூன்றாவது வகை. யாரிடமும் சொல்லாதே" என்றார். சொல்லவில்லை. எனக்கு அது கௌரவமாக வேறு இருந்தது, வெட்கக்கேடு!

மேல்மலையில் பறிக்கும் பெண்களைத் தினமும் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்க வரிசையாக நிற்கும்போது, பெயர் சொல்லி நலம் விசாரிக்க வேண்டும். கீழ்மலைப் பெண்களிடம் வாயே திறக்கக் கூடாது. ராக்காயி மேல்மலை.

"ராக்காயி, மகளுக்கு இருமல் எப்படி இருக்கு?" துரை பக்கத்தில் நிற்க, அவர் எழுதிக் கொடுத்ததை நான் தமிழில் கேட்டேன். அவள் அழுதே விட்டாள்.

"இம்புட்டு வருசத்துல யாரு கேட்டாங்க? தொரை நல்லவருங்க ஐயா."

மற்றவர்களையும் அவள்தான் உசுப்பிவிட்டாள். "நம்மள மனுசியா மதிக்கிறாரு. நாமளும் யாருன்னு காட்டணும்டி!" ஒரே மாதத்தில் மேல்மலையில் ஆளுக்கு இருபது இறாத்தல் இறங்கியது.

ஆராய்ச்சித் துரை தாள்களைச் சுருட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டார். தோட்டத்துப் பெரிய துரை அந்த மாதத்துக் கொழுந்துக் கணக்கைப் பார்த்தார். இருபது முடியும்போது பதினாறு எதற்கு? அடுத்த வாரமே முழுப்பேருக்குப் பத்தொன்பது இறாத்தல் என்று ஆக்கிவிட்டார்.

வெயில் காலம் வந்து கொழுந்து குறைந்தது. ராக்காயிக்கு அரைப்பேர். அவள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் அரைப்பேர்.

பக்கத்து வீட்டு மீனம்மா அவள் வாசலில் நின்று கத்தினாள். "ஒன் பேச்ச கேட்டுத்தானடி பறிச்சோம்! எங்க வாயில மண்ண போட்டுட்டியே!" அதன் பிறகு லயத்தில் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவள் ஆபீசுக்கு வந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"அப்ப, எம் மக இருமல கேட்டது?"

"அதுவும் அவரு எழுதிக் குடுத்ததுதான்."

"அவரு வெளிநாட்டுக்காரரு, போகட்டும். தமிழ்ல கேட்டது நீங்கதானுங்களே ஐயா."

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இறங்காததால் யாருக்கு என்ன லாபம்?

மறு வருடம் அவள் மகளை டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பெரட்டில் அவளைக் கண்டதும் மனம் பொறுக்காமல் கேட்டேன், யாரும் எழுதிக் கொடுக்காமல்: "ராக்காயி, மகளுக்கு இப்ப எப்படி இருக்கு?"

அவள் கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்தாள்.

"இது என்னா சோதனைங்க ஐயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வரிசையில் போய் நின்றாள்.