பின் மாற்றவும்

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். பட்டறையில் எல்லோரும் அதைக் கோபம் என்றே நினைத்தார்கள். என் மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். "இன்னாத்துக்கு இப்ப பயப்படறீங்க?" என்பாள். அதற்கு இன்னும் ரெண்டு கத்து கத்துவேன்.

எழுபதுகளின் கடைசி அது. ஆம்பூரில் நானும் ஒரு பாயும் கூட்டாக வெல்டிங் பட்டறை வைத்திருந்தோம். டேனரிகளில் தோல் போட்டு உருட்டுகிற மர டிரம்முக்கு இரும்புப் பட்டை அடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. என் மனைவி ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டிலிருந்து யாரோ ஒரு கேரவனைக் கப்பலில் அனுப்பியிருந்தார்கள். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள சக்கர வீடு. ஜவ்வாது மலையில் நாலைந்து நாள் தங்கி வைத்தியம் பார்க்க அது வசதி. ஆனால் அந்தச் சின்னச் சக்கரம் நம் ஊர் ரோட்டைத் தாங்கவில்லை. மலைக்குள் சுற்ற மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஒரு ஜீப்பும் இருந்தது. மேட்டில் அது ஆடு மாதிரி ஏறும், தார் ரோட்டில் பத்து மைல் ஓடினால் கொதித்து நின்றுவிடும். இரண்டையும் ஏற்றி லாரிக்குப் பின்னால் இழுத்துப் போக ஒரு டிரெய்லர் செய்ய முடியுமா என்று கேட்டார்கள். டிரம்முக்குப் பட்டை அடிக்கிறவனுக்கு எதற்கு இந்த வேலை என்று நழுவப் பார்த்தேன். "எங்க ஊட்டுக்காரர் செய்வாரு" என்று அவள் அங்கே வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

இடித்த டேனரி ஷெட்டின் இரும்புச் சேனல்களை வாங்கி, பழைய லாரி அச்சு இரண்டைப் போட்டு, இரண்டு மாதம் அடித்தோம். முன்னால் ஜீப், பின்னால் கேரவன். ஒவ்வொரு வெல்டையும் மூன்று தரம் தட்டிப் பார்த்தேன். "நீ வண்டி செய்யறியா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறியா?" என்று பாய் கிண்டல் செய்வார்.

லாரியின் கொக்கியையும் டிரெய்லரின் மூக்கையும் சேர்ப்பது ஒரே ஒரு பின். மொத்த பாரமும் அதன் தலையில்தான். கூடவே சங்கிலி போடும் வழக்கம் அப்போது எங்களுக்கு இல்லை. அச்சு இரும்பில் கடைந்த தடிப் பின் வரத் தாமதமாகவே, பட்டறை வாசலில் காலி வண்டியை இழுத்துப் பார்க்க, கைக்குக் கிடைத்த மெல்லிய கம்பி ஒன்றை வெட்டி மாட்டினேன். அப்புறம் நல்ல பின்னும் வந்தது. அதைப் பையில் போட்டு ஆணியில் தொங்கவிட்டேன். திங்கட்கிழமைதான் வண்டி எடுப்பதாகப் பேச்சு. அதற்குள் அரக்கோணத்தில் ஒரு சாவு. கிளம்புகிற அவசரத்தில் டிரெய்லரின் மூக்கில் சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதினேன்: பின் மாற்றவும்.

சனிக்கிழமை காலை ரயில் இறங்கி நேராகப் பட்டறைக்கு வந்தேன். வாசல் காலியாகக் கிடந்தது.

"நேத்தே எடுத்துட்டாங்கப்பா. கேம்ப் ரெண்டு நாள் முன்னாடி ஆயிடுச்சாம். நான் ஜும்மாவுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள எல்லாம் ஏத்தி முடிச்சிட்டாங்க. இன்னைக்கு விடிகாலைல மலைக்குக் கெளம்பிட்டாங்க. உன் ஊட்டம்மாவும்தான்" என்றார் பாய்.

நான் ஆணியைப் பார்த்தேன். பை அங்கேயே தொங்கியது.

லாரியில் டீசல் நாற்றம் அவளுக்கு ஆகாது, வாந்தி வரும். முன்னால் உட்காரவே மாட்டாள். நிச்சயம் கேரவனுக்குள்தான் இருப்பாள். அந்தக் கேரவன், ஒரு கம்பித் துண்டை நம்பி மலை ஏறிக்கொண்டிருக்கிறது.

பாயின் மோட்டார் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு பறந்தேன். பின் கிடந்த பை கழுத்தில் தொங்கி நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது. வாணியம்பாடி தாண்டும்வரை டிரைவரைத் திட்டினேன். பாவி, கண் இல்லையா உனக்கு? அவ்வளவு பெரிசா எழுதியிருந்தேனே! ஆலங்காயத்தில் டீக்கடையில் கேட்டேன். "வண்டி மேல ஊடு போச்சே, அதுவா? ரொம்ப நேரம் ஆச்சுங்க" என்று சிரித்தார்கள். அதற்கப்புறம் திட்டவும் வாய் வரவில்லை. கர்த்தாவே, கர்த்தாவே என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை.

மலைப்பாதையில் ஒரு வளைவுக்கு முன்னால் ரோட்டில் கற்கள் வைத்து, நடுவில் பச்சைக் கிளை ஒடித்துப் போட்டிருந்தது. முன்னால் வண்டி நிற்கிறது என்று அர்த்தம். எப்படி நிற்கிறது என்று கிளை சொல்லாது. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டேன். இருபது அடி நடந்தால் தெரிந்துவிடும். கால் வரவில்லை. பார்க்காதவரை அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தோன்றியது. அப்படியே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

வளைவைத் தாண்டினேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்துபோட்டு லாரி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. டிரெய்லர் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். கேரவன் வாசலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, ஊட்டு சாவி கெடைக்கலையா? பக்கத்து ஊட்லதானே குடுத்துட்டு வந்தேன்!"

நான் நேரே போய் டிரைவரின் சட்டையைப் பிடித்தேன். "எழுதினதைப் படிக்கத் தெரியாதாடா?"

"தெரியாது சார்" என்றான் அவன். சித்தூர்ப் பக்கத்து ஆள். "நமக்குத் தெலுங்குதான். அதான் அம்மாவைக் கேட்டேன். பின் மாற்றவும்னா, அப்புறமா மாத்திக்கலாம்னு அர்த்தம், கெளம்புன்னாங்க."

என் கை தானாகக் கீழே இறங்கியது. பின் என்றால் பட்டறையில் இரும்பு. படித்தவளுக்கு அது பிறகு. சொல்லில் ஒரு 'ஐ' சேர்த்து 'பின்னை' என்று எழுதத் துப்பில்லாமல் போனேன்.

டிரைவரும் நானும் குனிந்து கம்பியை அடித்தோம். அசையவில்லை. வளைந்து இறுகியிருந்தது. நாலாவது அடியில் வெளியே விழுந்தது, இரண்டு துண்டாக. டிரைவர் வாயைத் திறந்தான். பேசாதே என்று கண்ணைக் காட்டிவிட்டு, இரண்டையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். புதுப் பின்னை இறக்கி, பூட்டி, மூன்று தரம் தட்டினேன்.

அவள் இறங்கி வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "நான் தப்பாப் படிச்சிட்டேனா?"

வாழ்நாளெல்லாம் அவளிடம் கத்திய வாய் அது. "இல்லம்மா. பிறகு மாத்தணும்னுதான் எழுதினேன். இப்ப மாத்திட்டேன்" என்றேன்.

"அதுக்கா இவ்ளோ தூரம்? பேஜாரு புடிச்ச மனுஷன்" என்று சுளையைக் கையில் வைத்தாள்.

மோட்டார் சைக்கிளையும் டிரெய்லரில் ஏற்றிக் கட்டிவிட்டு, அவளோடு கேரவனுக்குள் உட்கார்ந்தேன். லாரி கிளம்பி இரண்டு வளைவு போவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பைக்குள் இரண்டு துண்டும் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. அவளுக்குக் கேட்டுவிடப் போகிறதென்று, மேலே போய்ச் சேரும்வரை கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.