பிக்கப்பின் மேல் ஒரு கூண்டு

இராமநாதபுரத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், பெயரைக் கேட்பதற்கு முன்னால் என்ன சமைப்பீர்கள் என்று கேட்கிறார்கள். ரங்கூனில் எங்கள் மாடிப்படியில் ஏறினால் கதவுக்குக் கதவு வேறு வேறு தாளிப்பு மணக்கும். யாரும் யாரையும் விசாரித்ததில்லை. இங்கே என் மனைவி மா கின் பர்மாக்காரி என்று தெரிந்ததுமே கதவுகள் மரியாதையாகச் சாத்தப்பட்டன. "தம்பி, கோவிச்சுக்கிறாதீக. அந்தப் பிள்ள வைக்கிற குழம்பு வாசம் நமக்கு ஒத்துக்கிறாது" என்றார் ஒருவர். அவர் வீட்டுக்குள்ளிருந்து கருவாட்டு வாசம் வந்துகொண்டிருந்தது.

என்னோடு கப்பலில் வந்த உங்களுக்கு இது புதிதல்ல. நம்மை எல்லோரும் 'திரும்பி வந்தவர்கள்' என்கிறார்கள். கடலாடிப் பக்கத்திலிருந்து போனவர் என் அய்யா. நான் பிறந்ததே ரங்கூனில்தான். பார்த்தேயிராத ஊருக்கு எப்படித் திரும்புவது?

அரிசி மில் இன்ஜின்களோடு வளர்ந்தவன் என்பதால், கிணற்றடி ஆயில் இன்ஜின்களைப் பழுதுபார்க்கும் வேலை கிடைத்தது. ஓர் ஊருக்குப் போனால் வேலை முடிகிறவரை அங்கேயே தங்க வேண்டும். நாங்கள் ஒண்டியிருந்த சத்திரத்தில் மா கின்னைத் தனியே விட்டுப் போக மனம் வரவில்லை. "உன் அம்மாவிடம் அனுப்பிவிடட்டுமா?" என்று ஒருநாள் கேட்டேன். "நீ இல்லாமல் அங்கே போய் நான் என்ன செய்ய?" என்று பர்மிய மொழியில் கேட்டுவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அன்றே முடிவு செய்தேன்: வீடு கிடைக்காவிட்டால் செய்துகொள்வது.

உச்சிப்புளியில் ஒரு வியாபாரியின் கொட்டகையில், யுத்த காலத்துப் பிக்கப் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அவருடைய இன்ஜினை ஓடவைத்த கூலிக்கு அதைக் கேட்டு வாங்கினேன். அதையும் ஓடவைத்து, பின்தொட்டிக்கு முதலில் தகரக் கூரை போட்டேன். சித்திரை வெயிலில் உள்ளே உட்காரவே முடியவில்லை. பிய்த்தெறிந்துவிட்டு, மாட்டுவண்டிக்குக் கட்டுவதுபோல மூங்கிலை வளைத்துக் கூண்டு கட்டினேன். மூங்கில்மேல் பனையோலைப் பாய், அதன்மேல் பாம்பனில் வாங்கிய பழைய பாய்மரத் துணி, அதன்மேல் தார். பெட்டிப் பலகைகளில் கட்டில். கட்டிலுக்கடியில் ஸ்பானர்களும் அரிசியும். தண்ணீர்ப் பானை ஆடாமல் நிற்க, தேய்ந்த டயரை வெட்டிப் பொருத்தினாள் மா கின். பின்கதவை மேலே தூக்கிக் கம்பு கொடுத்தால் அடுப்படிக்கு நிழல்.

கடலாடிக்குப் பக்கத்து ஊரில் வண்டியை நிறுத்தியதும் கூட்டம் கூடிவிட்டது. "படம் எப்பண்ணே போடுவீக?" என்றார்கள். இது சினிமா வண்டி அல்ல, வீடு என்றதும் ஏமாந்து கலைந்தார்கள். மிளகாய்த் தோட்டத்தில் களையெடுத்த பஞ்சவர்ணம் என்ற பெண் மட்டும் நின்று, கூண்டைத் தட்டிப் பார்த்து, "வாரேன்த்தா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் வேலை முடித்து வந்தபோது ஒரு தட்டில் சோறு மூடியிருந்தது. மா கின் சாப்பிடாமல் காத்திருந்தாள்.

"அந்த அக்கா வாரேன் சொன்னாங்க."

போகிறவர்கள் இங்கே அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்கினேன்.

"அப்போ, போறவங்க போறேன்னு எப்படிச் சொல்வாங்க?"

மூடியிருந்த தட்டை அவள் பக்கம் நகர்த்தி, சாப்பிடச் சொன்னேன்.

மறுநாள் பஞ்சவர்ணத்திடம் இதை வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எனக்காகவா பிள்ள சோறு எடுத்து வச்சிருந்துச்சு?" என்றவள், மண்வெட்டியை வரப்பில் போட்டுவிட்டு வந்து வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். "போடுத்தா." ஙப்பி என்கிற எங்கள் மீன்விழுது போட்ட குழம்பு. பிசைந்து ஒரு வாய் தின்றாள். "உப்புக் கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டு மறுசோறு கேட்டாள். இந்த மண்ணில் எங்கள் வீட்டில் கை நனைத்த முதல் ஆள் அவள்தான். மா கின் முந்திக்கொண்டு தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

கிளம்புகிற அன்று, "எங்க கொல்லையில இடங் கிடக்கு. இங்கனயே ஒரு குடிசை போட்டுக்கங்க" என்றாள் பஞ்சவர்ணம். மா கின் கூண்டைத் தொட்டுக் காட்டி, தமிழிலேயே சொன்னாள்: "வீடு இருக்கு. ஆனா வாரேன்க்கா."

மா கின்னின் ஊரில் கிழக்கே தலைவைத்துப் படுப்பதுதான் வழக்கம். எங்கள் தலைமாடு வண்டியின் முன்பக்கம். அதனால் எந்த ஊரில் நிறுத்தினாலும், முன்னும் பின்னுமாக ஓட்டி, வண்டியின் முகத்தைக் கிழக்கே வைத்த பிறகுதான் இன்ஜினை அணைப்பேன். அந்தப் பக்கம் கடல். கடலுக்கப்பால் அவள் அம்மா. விடிந்ததும், என் வேலை கிடக்கும் மேற்கே வண்டியைத் திருப்புகிறேன்.