கியர் இறுகிய சாம்பல் நிறச் சைக்கிள்

வெயிலில் காய்ந்த ரயர்களின் ரப்பர் மணம், கடைக்குள் கால் வைக்குமுன்பே மூக்கில் ஏறியது. மானிப்பாயில், ஜப்பானிலிருந்து கப்பலில் வந்திறங்கும் பழைய சைக்கிள்களை விற்கும் அந்தத் தகரக் கொட்டிலுக்கு, பதினான்கு வயதில், அம்மாவின் சைக்கிள் 'கரிய'ரில் குந்தியிருந்து போய்ச் சேர்ந்தேன். பண்டத்தரிப்பில் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் அந்த வைகாசியில் முதல்முறையாகப் பெண்பிள்ளைகளுக்கும் சைக்கிளோட்டம் வைக்கப்போவதாக அறிவித்திருந்தது. வெங்காயம் விற்ற காசில் பதினையாயிரம் ரூபாயை அம்மா எனக்கென்று ஒதுக்கியிருந்தார்; அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை.

அந்தக் காசுக்குள் அடங்கியவை இரண்டே 'றேசிங்' சைக்கிள்கள். ஒன்று சிவப்பு, கியர்களோடு மினுங்கிக்கொண்டு நின்றது. மற்றது சாம்பல் நிறம், பெயின்ற் உரிந்து, பார்க்கவே சோகை பிடித்ததுபோல இருந்தது. மனதுக்குள் நான் சிவப்பில் ஏறி முதலாமிடமும் வந்துவிட்டேன்.

"அந்தச் சாம்பல் நல்ல சாமான் அக்கா. கியர் இறுகிப்போச்சு, ஒரு பல்லிலைதான் ஓடும். அதாலைதான் இந்த விலை" என்றார் கடைக்காரர்.

அம்மா இரண்டையும் ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். சிவப்பு அசைய மறுத்தது. சாம்பல் பூக்கூடைபோல எழும்பியது. சிவப்பின் இருக்கையில் என்னை ஏற்றிப் பார்த்தபோது கால் பெருவிரல்கூட நிலத்தில் முட்டவில்லை. ஆனாலும் விட மனமில்லை.

"கியர் இல்லாமல் என்னெண்டு அம்மா வெல்லுறது? என்னோடை ஓடப்போற வினோதாவின்ரை சைக்கிளுக்குக் கியர் இருக்கு."

"எடி, யாழ்ப்பாணத்திலை மலை எங்கையடி இருக்கு?"

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது. அம்மா 'பஞ்சாபி'ச் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சாம்பல் சைக்கிளைத் தெருவுக்கு உருட்டிப்போய், ஒரே மிதியில் ஏறிப் போய்விட்டார். தோட்டத்துக்கும் சந்தைக்கும் மூட்டைகளோடு நிமிர்ந்திருந்து ஓடிய அம்மா, வளைந்த 'காண்டில்' கைப்பிடியைப் பிடித்துக் குனிந்தபடி பஸ் ஒன்றையும் முந்திக்கொண்டு வளைவில் மறைந்ததை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா திரும்பி வருவாவோ, தங்கச்சி?" என்று கடைக்காரர் மெல்லக் கேட்டார்.

வந்தார். மூச்சு வாங்க, முகமெல்லாம் சிவந்து, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல வந்து இறங்கினார்.

"பிள்ளை, இது ஓடேல்லை, பறக்குது!"

நானும் ஏறினேன். கால் நிலத்தில் ஊன்றியது; இரண்டு மிதியில் கடைகள் பின்னுக்கு ஓடின. சிவப்பு எங்கே நின்றதென்றுகூட நினைவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம், அம்மா வந்துசேரும்வரை ஒவ்வொரு சந்தியிலும் காத்துநின்று, அவர் தலை தெரிந்ததும் மறுபடி பறந்தேன்.

போட்டியன்று சோளகக் காற்று எதிரே நின்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. முன்னால் வினோதா கியரை மாற்றி மாற்றிப் பார்த்தாள். எனக்கோ மிதிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கடைசித் திருப்பத்தில், சனத்துக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "குனி பிள்ளை, குனி!" குனிந்தேன். காற்று முதுகுக்கு மேலால் போயிற்று. முன்சில்லின் அரைவாசி இடைவெளியில் வினோதா முதலாவதாக வந்தாள், நான் இரண்டாவது. மூச்சு அடங்குமுன்பே அவள் என்னிடம் வந்து, "உன்ரை சைக்கிளை ஒருக்காத் தாவனடி, ஓடிப் பாப்பம்" என்றாள். முதற்பரிசு எனக்கே கிடைத்ததுபோல இருந்தது.

அந்தக் கொட்டில் இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. சைக்கிளின் சட்டம் வெடித்துப் பழைய இரும்புக்குப் போயிற்று. சைக்கிளோட்டத்தையும் இப்போது எவரும் வைப்பதில்லை. முழங்கால் நோவால் அம்மா பஸ்ஸில்தான் சந்தைக்குப் போகிறார். நான் கரவெட்டியிலுள்ள கந்தோருக்கு வேலைக்கு ஸ்கூட்டரில் போய் வருகிறேன். சோளகம் எதிரே அடிக்கும் நாட்களில் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் முறுக்கினால் போதும். கால்கள் இரண்டும் சும்மா இருக்கின்றன.