‘கவனிப்பு’ என்றால் பார்பிக்யூ அல்ல

“பாத்திமா, இவங்கள எவ்வளவோ கவனிச்சாச்சு. இன்னும் கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்களேம்மா!”

ஹூஸ்டனில் எங்கள் குடிநீர் டிசைன் கம்பெனியின் முதலாளி சேவியர் சார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சோவியத் உடைந்து பிறந்த ஒரு நாட்டின் துணை அமைச்சர், ஓர் ஊரின் குடிநீர்த் திட்டத்துக்காக வந்திருந்தார். மொழிபெயர்க்க அவருடைய இலாகா எஞ்சினியர் லாரிசா. “எங்களைக் கவனிக்க வேண்டும் என்கிறார்” என்று முதல் மீட்டிங்கிலேயே அவள் சொல்லியிருக்கிறாள். சாரும் பார்பிக்யூ, கௌபாய் தொப்பி, கால்வெஸ்டன் கடற்கரை என்று தூள் கிளப்பிவிட்டார்.

நான் லீவு முடிந்து அன்றுதான் வந்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சார், நீங்க படிச்சு முடிச்சதும் ப்ளேன் ஏறிட்டீங்க. நான் ஊர்ல கவர்மென்ட் ஆபீஸ்ல எஞ்சினியரா குப்பை கொட்டினவ. இது அந்தக் கவனிப்பு இல்ல சார், வேற கவனிப்பு.”

சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ மாதாவே! இங்க அதுக்கு ஜெயில்மா!”

நாசூக்காக மறுத்தோம். அமைச்சர் கோபிக்கவே இல்லை. டிராயிங்கில் ஒரு சின்ன மாற்றம் போதுமாம். மெயின் பைப் முதலில் மலைமேல் எழும்பும் புதுப் பங்களாக்களுக்குப் போகட்டும், ஆலைத் தொழிலாளர் குடியிருப்பு கடைசியில் இருக்கட்டும் என்றார்.

அதை மொழிபெயர்த்த கையோடு லாரிசா தன் பங்குக்கும் ஒன்று சேர்த்தாள். “அந்தக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் என் அம்மா இருக்கிறாள். முழங்கால் வலியோடு வாளி சுமக்கிறாள்.” அமைச்சருக்கு ஆங்கிலம் தெரியாதது நல்லதாயிற்று.

சார் டிராயிங்கைச் சுருட்டினார். “நம்மளால முடியாதும்மா. சொல்லிடு.” சொன்னேன். பெருமையாக இருந்தது. அடுத்த வேலை எங்கிருந்து வருமோ என்று பயமாகவும் இருந்தது.

வேறொரு கம்பெனி அவர் கேட்டபடியே கட்டிக்கொடுத்தது.

சில வருஷம் கழித்து லாரிசா போன் பண்ணினாள். பங்களாக்களின் நீச்சல் குளங்கள் நிரம்பினவாம். ஆனால் அங்கே ஒருவரும் பில் கட்டவில்லை, கேட்கும் தைரியம் யாருக்கு? குழாயில் சொட்டுகூட வராததால் குடியிருப்புக்காரர்களும் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். கரண்டுக்கும் ஸ்பேர் பார்ட்ஸுக்கும் வழியில்லாமல் பம்ப் நின்றது. இப்போது ஊர் முழுக்க லாரித் தண்ணீர். லாரிகள் அமைச்சரின் மைத்துனருடையவை.

“அம்மா?” என்று கேட்டேன்.

“அதே வாளிதான். இப்போது தண்ணீரை விலைக்கும் வாங்குகிறாள்.”

அதற்குப் பிறகு எந்த இளம் எஞ்சினியர் டிராயிங் கொண்டுவந்தாலும், பம்ப் எவ்வளவு பெரியது என்று நான் முதலில் கேட்பதில்லை. பைப் போய் முடிகிற வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்றுதான் கேட்பேன். தெரியாது என்றால், போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன்.