சீனாக் கிண்ணம்

மாசி மகம் முடிந்த கையோடு எங்கள் ஊரில் ஒரு சங்கீத விழா நடத்துவார்கள். கடைத்தெரு முதலாளிகள் சேர்ந்து பந்தல் போட்டுக் கச்சேரி வைப்பார்கள். எனக்குச் சங்கீதம் தெரியாது. பள்ளிக்கூடமும் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் பீங்கான் தெரியும். பொம்மைக்கு மண் மிதித்துக்கொண்டிருந்தவன், மீசை நரைக்கும் முன்பே சொந்தப் பட்டறை வைத்து ஆள் வைத்து வேலை வாங்கினேன். விருத்தாசலத்தில் அப்படி மேலே வந்தவன் வேறு எவன் என்று கேட்டால், எனக்கு ஒருத்தனும் ஞாபகம் வரவில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் அந்த விழாவுக்கு ஜலதரங்கம் ஏற்பாடு செய்தார்கள். பீங்கான் கிண்ணங்களை அரைவட்டமாக வைத்து, தண்ணீர் ஊற்றிச் சுருதி சேர்த்து, இரண்டு குச்சிகளால் தட்டி வாசிக்கிற வாத்தியம் அது. வாசிக்க வந்தவர் கும்பகோணத்து வித்வான். தன் கிண்ணங்களில் பாதி விரிசல் விட்டுவிட்டன என்று பல மாதம் முன்பே என் பட்டறையைத் தேடி வந்திருந்தார். வார்த்துச் சுட்டுக் கொடுத்தேன். தட்டிப் பார்த்து ஒத்துவராததை ஒதுக்கினார். மறுபடி சுட்டேன். கடைசியில் பழையதை எல்லாம் வீட்டில் வைத்துவிட்டு, முழுக்க என் கிண்ணங்களோடுதான் மேடையேறினார். ஒவ்வொன்றின் அடியிலும் என் பட்டறை முத்திரை உண்டு.

அன்றைக்குக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து என் மாமனாரை வரவழைத்திருந்தேன். மண் பிசைகிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டேனே என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனிதர். இந்தக் கிண்ணம் மாப்பிள்ளை செய்தது என்று மைக்கில் சொல்லி, அது அவர் காதில் விழ வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

விழாச் செயலாளர் மைக்கைப் பிடித்தார். வித்வானைப் புகழ்ந்தார். பிறகு, கிண்ணங்கள் சீன தேசத்திலிருந்து வரவழைக்கப்பட்டவை என்றார். சீனாக்காரனோடு சண்டை நடந்தபோது இதே மனிதர் இதே ஊரில் மேடையேறி அவனைக் கிழிகிழி என்று கிழித்ததை நான் கேட்டிருக்கிறேன். மேடையோரம் போய், அது என் பட்டறைச் சரக்கு என்று மெதுவாகத்தான் சொன்னேன்.

"தெரியும்யா. உள்ளூரு கிண்ணம்னு சொன்னா எவன் மதிப்பான்? டீக்கடை சாமான்னு நெனச்சிக்குவாங்க. போயி உக்காரு."

உக்காருங்க இல்லை. உக்காரு.

மேடையில் ஏறினேன். இருந்ததிலேயே பெரிய கிண்ணத்தைத் தூக்கி, அடியில் உள்ள முத்திரை சனங்களுக்குத் தெரியட்டும் என்று கவிழ்த்துக் காட்டினேன். உள்ளே தண்ணீர் இருப்பது கோபத்தில் எங்கே தெரிகிறது? அத்தனையும் வித்வான் மடியில்.

பந்தலே சிரித்தது. செயலாளர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வித்வான் வேட்டியை உதறிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கிண்ணம் உங்களுதுன்னு தெரிஞ்சுபோச்சு. தண்ணி யாரு ஊத்துறதாம்?"

சொம்பை வாங்கி நான்தான் ஊற்றினேன். அவர் தட்டத் தட்ட ஊற்றி, போதும் என்று தலையசைத்ததும் நிறுத்தினேன். கச்சேரி நடந்தது. மணி மாதிரி கணீரென்று நடந்தது. முடிவில் செயலாளர் பந்தல்காரருக்கு நன்றி சொன்னார், பூக்காரருக்குச் சொன்னார், சோடாக் கடைக்காரருக்குக்கூடச் சொன்னார். சீனாவை இன்னொரு தடவையும் சொன்னார்.

மாமனாரைப் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டேன். பஸ்ஸில் கால் வைக்கும்போது சொன்னார்.

"அவ்ளோ பெரிய மனுஷர் மடியில தண்ணிய ஊத்திட்டீங்களே மாப்ள."

கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைத்தெருவிலும் அதே கதைதான். பல வருஷம் நான் அங்கே தண்ணீர் ஊற்றினவன். என்னைக் கண்டால் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு நகருவார்கள், சிரிப்பார்கள். அந்த நாதம் எந்தச் சூளையிலிருந்து வந்தது என்று ஒருத்தனும் கேட்கவில்லை. மாமனாரும் கேட்காமலே போய்ச் சேர்ந்தார். எவனும் கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன்: நான் செய்தது.